வரப்பில் நட்ட கழி

சம்பூர்ணத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் பக்கத்தில் முதலில் சொல்வது பஸ் கதையைத்தான். சுண்ணாம்புக்குளத்துக்கு முதன்முதலாக பஸ் வந்த நாளில் ஊரே அதன் முகப்பில் கட்டியிருந்த மாலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் மட்டும் குனிந்து வண்டிக்கு அடியில் தலையை நீட்டினாள். டிரைவர் பதறிப்போய் ஹாரன் அடித்தான்.

"இன்னாம்மா, கீழ இன்னா தேடுறே?"

"இத்தினி பேரத் தூக்கிக்கினு வந்துக்கீறியே, இது எது மேல நிக்குதுன்னு பாத்தேன்."

அப்போது அவள் புருஷன் செங்கல்வராயன் உயிரோடு இருந்தான். கூட்டத்தில் அவன்தான் அதிகம் சிரித்தான் என்பார்கள். அவன் ஏரி மீனவன். பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில், ஊரைத் தாண்டிய குப்பத்தில் அவர்கள் குடிசை. பிள்ளை இல்லை. ஒரு கோடைக்காலத்துக் காய்ச்சலில் அவன் போய்விட்டான்.

ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை போடுவது என்பதை வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அந்தக் குப்பத்து வழக்கப்படி, ஆண் இல்லாமல் போன வீட்டுக்கு இரண்டு வருஷம் அரைப்பங்கு உண்டு. அதற்குப் பிறகு கிடையாது. சம்பூர்ணத்துக்கு அந்த இரண்டு வருஷம் அறுபத்தொன்பதாம் வருஷக் கோடையில் முடிந்தது.

ஆரணியில் அவள் அண்ணன் முனுசாமி ரைஸ்மில்லில் வேலையாக இருந்தான். ஆடி பிறந்ததும் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தான். நல்ல அண்ணன்தான். ஆனால் அங்கே போனால் மில் களத்தில் நெல் துழாவ வேண்டும். அண்ணி வடித்துப் போடும் சோற்றைச் சாப்பிட வேண்டும். இங்கேயே இருந்தாலோ கொழுந்தன் அருணகிரி வீட்டுச் சோறு. அவன் பெண்டாட்டி தாயாரம்மாள் முகம் சுளிக்கிறவள் இல்லை. குழம்புக் கரண்டியை மட்டும் தன் கையிலேயே வைத்துக்கொள்வாள். சம்பூர்ணத்துக்கு வேண்டியது தன் அடுப்பு, தன் கரண்டி. ஆடிக்குள் அதற்கு ஒரு வழி பிறக்க வேண்டும்.

வழி என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கிளிஞ்சல்.

கோடையில் மேற்குப் பக்கத்து ஏரி வற்றிப்போகும். கரையோரம் சேறு வெடித்துக் கிடக்கும். அதைத் தாண்டினால் உப்புப் பூத்த வெள்ளைப் பொட்டல். கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரு புல் இருக்காது. அந்த மண்ணுக்கு அடியில், எந்தக் காலத்திலோ செத்துப் படிந்த கிளிஞ்சல் அடை அடையாக இருக்கும். வெட்டி, சலித்து, காளவாயில் கொடுத்தால் சுட்டுச் சுண்ணாம்பாக்குவார்கள். தண்ணீர் உள்ள ஏரிக்குத்தான் பாடு. வற்றிய ஏரிக்கு வேறு சட்டம். கிளிஞ்சல் தட்டும் ஆழம் வரை குழி தோண்டி, அதில் தன் வீட்டுப் படகு தள்ளும் கழியை நட்டுவிட்டால், தண்ணீர் வந்து போனாலும் அது அந்த வீட்டுக் குழி. இரண்டு வீட்டுக் குழிகளுக்கு நடுவில் இரண்டடி அகலத்துக்கு வரப்பு விட வேண்டும். வரப்பில் யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது. வைத்தால் மண்டை உடையும்.

கழி நட ஆணாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அதை சம்பூர்ணம் யோசித்து வைத்திருந்தாள். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கரையோரம் கிளிஞ்சல் கிடைக்கும் இடத்திலெல்லாம் கழி நட்டாயிற்று.

"பழங்குழிக்குப் போய்ப் பாக்கலாம்னு கீறேன்" என்று ஒரு நாள் காலையில் அருணகிரியிடம் சொன்னாள்.

அவன் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சிரித்தான். "அண்ணி, அங்க இன்னா கீது? எவனோ எந்தக் காலத்துலயோ வழிச்சு நக்கினு போன சட்டி அது."

பழங்குழி என்பது பொட்டலின் நடுவில், கரையிலிருந்து நல்ல தூரத்தில் இருந்தது. யார் வெட்டியது என்று யாருக்கும் தெரியாது. மழைக்காலத்தில் படகில் அந்த வழியாகப் போகிறவர்கள் கழியை ஊன்றினால், அது பிடிப்பில்லாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அதனால் படகுக்காரர்கள் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போவார்கள். அங்கே கிளிஞ்சல் தீர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

"தீந்துச்சுன்னா அவங்க அப்பால எங்க போனாங்க? அவ்ளோ தூரத்துல இருந்து எப்பிடி கரைக்குக் கொணாந்தாங்க?"

"அதத் தெரிஞ்சிக்கினு நீ இன்னா பண்ணப் போறே?"

"தெரிஞ்சிக்கினாதான இன்னா பண்றதுன்னு தெரியும்."

தாயாரம்மாள் உள்ளேயிருந்து, "போவட்டும் உடு. பஸ்ஸுக்கு அடில பாத்தாச்சி, ஏரிக்கு அடியிலயும் பாத்துட்டு வரட்டும்" என்றாள்.

தனியாகப் போக முடியாது. அவள் மேரியைக் கேட்டாள். மேரி காலனிக்காரி, காளவாயில் சம்பூர்ணத்தோடு கிளிஞ்சல் சலிக்கிறவள். அவள் புருஷன் ஆசீர்வாதம் அங்கே தீ போடுகிறவன். காளவாய் வருவதற்கு முன்னால் அவர்கள் வயல்வேலை செய்தவர்கள்.

"எனக்கு இன்னா குடுப்பே யக்கா?" என்றாள் மேரி.

"கெடச்சா பாதி. கெடைக்கலேனா வெயிலு முழுசும் உனக்குத்தான்."

இருட்டு விலகும்போது கிளம்பினார்கள். ஆளுக்கு ஒரு மண்பானைத் தண்ணீர், ஒரு மண்வெட்டி, கூடை. துணி காயப்போடக் கொடியாகக் கட்டி வைத்திருந்த செங்கல்வராயனின் பழைய கழியை அவிழ்த்து சம்பூர்ணம் தோளில் போட்டுக்கொண்டாள். தண்ணீர்ப் பானை இரண்டாக இருந்ததற்குக் காரணம் கனம் மட்டும் அல்ல. குப்பத்துப் பானையில் காலனி ஆள் குடிப்பதோ, காலனிப் பானையில் குப்பத்து ஆள் குடிப்பதோ அப்போது வழக்கமில்லை. இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

வெடித்த சேறு முடிந்ததும் உப்புப் பொருக்கு ஆரம்பித்தது. காலடியில் அப்பளம் போல நொறுங்கியது. ஓரிடத்தில் பறவைக் கால் தடங்கள் நூற்றுக்கணக்கில், ஈரத்தில் பதிந்து அப்படியே காய்ந்து கிடந்தன. சம்பூர்ணம் உட்கார்ந்து அதில் ஒன்றில் விரலை வைத்துப் பார்த்தாள். மூன்று விரலுக்கு நடுவில் தோல் இருந்த தடம்கூடத் தெரிந்தது.

"யக்கா, நாம குழிக்குப் போறமா, கொக்குக்குக் கொலுசு அளவெடுக்கப் போறமா?"

"பூநாரைடி இது."

வழி கண்டுபிடிக்க அவளிடம் புருஷன் சொன்ன குறி இருந்தது. கரையில் உள்ள ஒற்றைப் பனையும் அதற்குப் பின்னால் காளவாய்ப் புகையும் ஒரே கோட்டில் இருக்கும்படி விட்டுக்கொண்டு போனால், நேரே பழங்குழி. படகுக்காரர்கள் இப்படித்தான் ஏரியில் இடம் கண்டுபிடிப்பார்கள். அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தாள். வெயில் ஏற ஏறப் பனை ஆட ஆரம்பித்தது. பிறகு தரையைவிட்டுக் கிளம்பி நின்றது. கொஞ்ச நேரத்தில் ஒற்றைப் பனை இரண்டாகி, ஒன்றின் தலையில் ஒன்று கவிழ்ந்து நின்றது. அடியில் தண்ணீர் மினுங்கியது.

"ஏரி ரொம்பிடுச்சா யக்கா?"

"கானலுடி. தண்ணி மேல இருந்து பாக்குற குறிய காஞ்ச ஏரில நின்னு பாத்தது என் தப்பு. இப்ப எந்தப் பனைய நம்புறது?"

மேரி யோசிக்கவே இல்லை. கரைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்புறமாக நடக்க ஆரம்பித்தாள்.

"இன்னாடி பண்றே?"

"நாத்து நடுறப்ப இப்பிடித்தான போவோம். பின்னால நவுந்துக்கினே நட்டாத்தான் வரிசை கண்ணுக்குத் தெரியும். நம்ம காலடி நேரா கீதான்னு நான் பாத்துக்கினு வரேன். நீ முன்னால பாத்து, எங்கயாச்சும் உழுந்துடாம என்னை இழுத்துக்கினு போ."

அப்படியே போனார்கள். ஒருத்தி கழியின் முனையைப் பிடித்து முன்னால் நடக்க, மற்றவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் பார்த்தபடி வந்தாள். "வலப்பக்கம் சாயுது யக்கா... இப்ப சரி... யக்கா, இடப்பக்கம்." யாராவது பார்த்திருந்தால் பேய் பிடித்தது என்று சொல்லியிருப்பார்கள். பார்க்க அங்கே ஈ காக்கை இல்லை.

பழங்குழி இருந்தது. அவள் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. தரையில் சதுரம் சதுரமாகப் பள்ளங்கள், ஒன்றை ஒட்டி ஒன்று, நாலு பக்கமும் போய்க்கொண்டே இருந்தன. பள்ளங்களுக்குள் உப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. நடு நடுவே குறுக்கும் நெடுக்குமாக மேடுகள். சம்பூர்ணம் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டாள்.

"இத்தினி பேரா?" என்றாள் கடைசியில். "ஒரு ஊரே வந்து வெட்டியிருக்கு மேரி. நம்ம குப்பத்த விடப் பெருசு."

ஒரு பள்ளத்தில் கால் வைத்தாள். பொருக்கு உடைந்து தொடை வரை உள்ளே போய்விட்டாள். இடுப்பிலிருந்த பானை மேட்டில் மோதி உடைந்தது. கருஞ்சேறு, அழுகிய முட்டை நாற்றம். மேரி மேட்டில் குப்புறப் படுத்துக் கழியை நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். வெளியே வந்தபோது சம்பூர்ணம் அழவில்லை. கழியைப் பள்ளத்தில் விட்டு ஆழம் பார்த்தாள். ஒரு ஆள் உயரத்துக்கும் மேல் போயிற்று. கிளிஞ்சல் தட்டும்போது வரும் கரகரப்பு இல்லை. அடுத்த பள்ளத்தில் விட்டாள். அதற்கடுத்ததில் விட்டாள். மேடு மேடாகத் தாண்டிப் போய்ப் பார்த்தாள். எல்லாம் சேறுதான். அருணகிரி சொன்னது சரி; சட்டியை வழித்து நக்கிவிட்டுத்தான் போயிருந்தார்கள்.

மேட்டில் உட்கார்ந்தாள். வெயில் தலைக்கு வந்துகொண்டிருந்தது. மேரி தன் பானையை அவள் முன்னால் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

சம்பூர்ணம் எடுத்துக் குடித்தாள்.

"குப்பத்துல சொல்லிடாத யக்கா. பேஜாராயிடும்."

"தாகம் எடுத்தது எனக்கு. குப்பத்துக்கு இன்னா?"

இரண்டு மேடுகள் கூடும் இடத்தில் மூன்று செங்கற்கள் கரி படிந்து கிடந்தன. கையகலச் செங்கல், இப்போது அப்படி யாரும் அறுப்பதில்லை. யாரோ அங்கே சோறாக்கியிருக்கிறார்கள். சம்பூர்ணம் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். "தண்ணி எங்கேர்ந்து கொணாந்தாங்கன்னு தெரியல. ஆனா இங்க ஒக்காந்து தின்னிருக்காங்க. ஏண்டி, இங்க ஏன் ஒக்காந்தாங்க?"

"வேற எங்க ஒக்காருவாங்க? உள்ள எறங்குனா உன்ன மாதிரி ஆவ வேண்டியதுதான்."

"இத்தினி வருஷம் ஏரித் தண்ணி ஏறி எறங்கிக்கீது. பள்ளமெல்லாம் சேறாப் பூட்ச்சி. இது மட்டும் ஏன் கரையாம நிக்குது?"

கேட்டுவிட்டு அவளே எழுந்தாள். நின்ற இடத்தில் மண்வெட்டியைப் போட்டாள். மேலே ஒரு சாண் உப்பும் மண்ணும். அதற்குக் கீழே மண்வெட்டி கர்ரென்று சத்தம் போட்டது. இன்னொரு போடு போட்டாள். வெள்ளை வெளேரென்று கிளிஞ்சல். மண் கலப்பு இல்லை. இரண்டு பக்கமும் பள்ளமாக இருந்ததால் சேறெல்லாம் வடிந்து போய், சலித்து வைத்ததுபோல இருந்தது. மேரி ஒரு கை அள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"யக்கா, இத சலிக்கவே வேணாம்."

சம்பூர்ணத்துக்குச் சிரிப்பு வந்தது. "அவங்களும் நம்மள மாதிரிதாண்டி! சண்டை வரும்னு வரப்பு உட்டிருக்காங்க. அவன் குழிய அவன் வெட்டினான், இவன் குழிய இவன் வெட்டினான், நடுவுல கீறத எவனும் தொடல. நம்ம ஆளுங்க படகுல வந்து பள்ளத்துல கழி உட்டுப் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு போனாங்க. வரப்புல எவன் கழி ஊனிப் பாப்பான்? ஊனக் கூடாதே!"

எல்லாப் பக்கமும் வரப்பு போய்க்கொண்டிருந்தது. அவள் அங்கேயே, வெட்டிய இடத்தில், புருஷனின் கழியை நட்டாள்.

அன்று மாலையே குப்பத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. அருணகிரிக்குத்தான் முதலில் கோபம் வந்தது. அண்ணி பிழைத்துவிடுவாள் என்பதனால் அல்ல. வழக்கம் மீறியது அவன் அண்ணன் கழி என்பதனால்.

"வரப்புல கழி நட்டா நாளைக்கி என் வரப்புல எவனாச்சும் நடுவான். கூட்டம் போட்டுப் பேசணும்" என்றான்.

கூட்டம் போட்டார்கள். ஊர்ப் பெரியவர் சுப்பராயன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, வரப்பு ஆருது?"

"ரெண்டு பக்கத்துக் குழிக்காரனுதும் நைனா."

"அப்ப நீ எப்பிடி வெட்டுவே?"

"ரெண்டு பேரும் ஒத்துக்கினா வெட்டலாம்னு வழக்கம் கீதுல்ல?"

"கீது."

"நான் அங்க நின்னு கேட்டேன். வேணான்னு ஒருத்தரும் சொல்லல."

கூட்டம் சிரித்தது. சுப்பராயனுக்கும் சிரிப்பு வந்து வெற்றிலை புரையேறியது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. பழங்குழி எங்கள் பாட்டன் வெட்டியது என்று யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும் என்று கரையோரக் குப்பங்களுக்கெல்லாம், ஆரம்பாக்கம் பக்கம் வரைக்கும், ஆள் விட்டார். அடுத்த அமாவாசை வரை கழியை யாரும் தொடக் கூடாது. அவளும் மண்வெட்டி எடுக்கக் கூடாது.

அந்த நாட்களில் அவள் பட்ட பாடு வேறு மாதிரி. எவனும் வரக் கூடாதே என்று ஒரு பக்கம். யாராவது வந்து, அந்த ஊர் எது, அந்த ஆட்கள் எங்கே போனார்கள் என்று சொல்ல மாட்டார்களா என்று இன்னொரு பக்கம். ஒருவன் வந்தான். ஆரம்பாக்கத்துப் பக்கத்து ஆள், பெயர் தேசப்பன். தன் தாத்தா வெட்டிய குழி என்றான். சம்பூர்ணம் முந்திக்கொண்டு, "உக்காரு நைனா. தண்ணிக்கு இன்னா பண்ணாங்க? செங்கல்லு ஏன் அவ்ளோ சின்னதா கீது? கிளிஞ்சல கரைக்கு எப்பிடி கொணாந்தாங்க?" என்று அடுக்கிக்கொண்டே போனாள். அவன் அருணகிரியைப் பார்த்தான், சுப்பராயனைப் பார்த்தான். "டப்பு ஏதாச்சும் வரும்னு சொன்னாங்க, வந்தேன்" என்று எழுந்து போய்விட்டான். அவளுக்கு நிஜமாகவே ஏமாற்றம்.

அமாவாசை கழிந்தது. வரப்பு அவளுடையது என்று சுப்பராயன் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: குழிக்காரன் தெரிந்த வரப்புக்கு இந்தத் தீர்ப்பு செல்லாது. அருணகிரிக்கு அது போதும்.

சம்பூர்ணமும் மேரியும் விடியலில் போய் வெயில் ஏறும் முன் திரும்பினார்கள். வெட்டியதைத் தலையில் சுமந்து அவ்வளவு தூரம் வர முடியாது. மாட்டுவண்டி பொருக்கில் புதையும். ஆகவே வரப்பின் மேலேயே குவித்தார்கள். ஐப்பசியில் ஏரிக்குத் தண்ணீர் வந்தால் படகில் ஏற்றிக் கொண்டுவரலாம். பழங்குழிக்காரர்களும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று சம்பூர்ணம் நினைத்தாள். கிளிஞ்சலைக் கரைக்கு எப்படிக் கொண்டுவந்தார்கள் என்ற கேள்விக்கு அவளுக்குக் கிடைத்த பதில் அதுதான்.

ஆனால் ஐப்பசிக்கு முன்னால் ஆடி வந்தது. சொன்னபடி முனுசாமி ஆரணியிலிருந்து வந்துவிட்டான். தங்கையின் பெட்டி கட்டப்படவில்லை. அவனைக் காலையில் பொட்டலுக்குக் கூட்டிப்போனாள். நெல் மூட்டைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அந்த வெறும் வெளியில் வரிசையாக நின்ற வெள்ளைக் குவியல்கள் என்னவோ போல இருந்தன.

"இதெல்லாம் நீங்க ரெண்டு பேரும் வெட்டினதா?"

"ஆமா."

"எப்பக் காளவாய்க்குப் போவும்?"

"தண்ணி வந்தா."

"இந்த வருஷம் மழ சரியில்லாம, தண்ணியே வரலேனா?"

சம்பூர்ணம் அதை யோசித்திருக்கவில்லை. குவியல்களையும், அதற்கு அப்பால் வெட்டாமல் கிடந்த வரப்புகளையும் பார்த்தாள்.

"வரலேனா இன்னும் கொஞ்சம் வெட்டுவேன்" என்றாள்.

முனுசாமி அன்று மத்தியானமே தனியாக பஸ் ஏறினான். ஐப்பசி வரை சோற்றுக்கு என்ன செய்வாள் என்று அருணகிரியிடம் கேட்டிருக்கிறான். பதில் சொன்னது தாயாரம்மாள். "கடனாத்தான் போடுறேன், கிளிஞ்சல்ல கழிச்சிக்கிறேன். சும்மா போட்டா அவளுக்கு எறங்காது."

தண்ணீர் கார்த்திகையில்தான் வந்தது. வடக்கேயிருந்து மெல்லப் பரவி, பள்ளங்களை மூடி, வரப்பளவுக்கு ஏறியது. அருணகிரியின் படகில் இரண்டு பெண்களும் போனார்கள். குவியல்கள் தண்ணீருக்கு நடுவில் சின்னச் சின்னத் தீவுகளாக நின்றன, ஒவ்வொன்றிலும் நாரைகள். மேரி கைதட்டி ஓட்டினாள். முதல் படகு நிரம்பிக் கரைக்குத் திரும்பும்போது அருணகிரி, "அடுத்த கோடைக்கி வடக்கு வரப்புல நானும் மேரி புருஷனும் வெட்டலாமா அண்ணி?" என்று கேட்டான்.

"வெட்டுங்க. ஆனா உங்களுக்கும் எனக்கும் நடுவுல வரப்பு உடாதீங்க. எதிரெதிரா வெட்டிக்கினு வாங்க. எங்க மண்வெட்டி முட்டுதோ அதான் எல்லை."

"சண்டை வரும் அண்ணி."

"வரட்டும். வரப்பு உட்டா அத எவளோ ஒருத்தி வந்து எடுத்துக்கினு பூடுவா."

அவன் சிரித்துக்கொண்டு கழியை ஊன்றினான். கரையில் அவள் குடிசைக்கு முன்னால், காளவாய்க்குப் போகும் முதல் கூடையை இறக்க ஆசீர்வாதம் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான்.